இரவில் பூட்டை உடைத்தால் 14 ஆண்டு: சட்டப் புத்தகத்துக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் என்ன நடக்கிறது?

மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போனவர்கள் திரும்பிவர இரண்டு மூன்று நாள் ஆகும். வீட்டுக்காரர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்க, பிள்ளைகள் படிப்புக்காக மனைவி மதுரையில் வாடகைக்குக் குடியிருக்க, ஊர் வீடு வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடப்பதும் உண்டு. அப்புறம் ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டிலிருந்து போன் வரும்: “அக்கா, ஒங்க வீட்டுப் பூட்டு ஒடஞ்சு கெடக்குது, சீக்கிரம் வாங்க.”

மறுநாள் பேப்பரில் அது ‘பூட்டிய வீட்டில் நகை கொள்ளை’ என்று வரும். செய்தித்தாள் மொழியில் அது பழகிப்போன வார்த்தை. சட்ட மொழியில் தப்பு. கொள்ளை என்றால் அடித்தோ, கத்தியைக் காட்டியோ, பயமுறுத்தியோ பறிக்க வேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் அது கூட்டுக் கொள்ளை. ஆயுள் தண்டனைவரை போகும். கழுத்துச் செயினை அறுத்துக்கொண்டு ஓடுவதற்கு 2024 ஜூலை 1 முதல் தனிப் பிரிவே வந்துவிட்டது. ஆள் இல்லாத வீட்டில் பூட்டை உடைத்து எடுத்துப் போவது இது எதிலும் சேராது. அதற்குப் போலீஸ் ஏடுகளில் இன்றைக்கும் இருக்கிற பழைய தமிழ்ப் பெயர் கன்னக்களவு. சுவரில் கன்னக்கோல் வைத்துத் துளை போட்ட காலத்துச் சொல். இப்போது கோலுக்குப் பதில் கடப்பாரை; அவ்வளவுதான் வித்தியாசம்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று தள்ளிவிட முடியாது. எந்தச் சொல் எழுதப்படுகிறதோ அதற்கேற்ற பிரிவு வரும். பிரிவுக்கேற்றபடிதான் கைது, ஜாமீன், தண்டனை எல்லாம்.

உடைத்தால்தான் உடைப்பா?

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா. அதன் 330-வது பிரிவு வீட்டை உடைத்து நுழைவதற்கு ஆறு வழிகளைச் சொல்கிறது. அதில் பலவற்றில் உடைப்பதே இல்லை. மனிதர் நுழைவதற்கென்று இல்லாத வழியில் நுழைந்தால் போதும். ஓட்டைப் பிரித்து இறங்குவது, ஜன்னல் வழியாகப் போவது, சுவரேறிக் குதிப்பது எல்லாம் அதில் வரும். சாத்தியிருந்த கதவைத் திறந்து போவதும் வரும். வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து, அதே சாவியால் திறந்து நுழைவதும் இந்தக் குற்றம்தான் என்பதற்குச் சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஆகவே, “பூட்டு ஒடையலியே, நிலைப்படி மேல வெச்ச சாவியத்தான எடுத்துத் தெறந்துருக்கான், இதுல என்ன பெரிய கேஸு?” என்று எவராவது சொன்னால் அவருக்குச் சட்டம் தெரியவில்லை என்று அர்த்தம்.

விரியத் திறந்து கிடந்த வாசல் வழியாக ஒருவர் உள்ளே போய் எடுத்துவந்தால் அது வேறு. அங்கே வீடு உடைப்பு இல்லை. திருடும் நோக்கத்தோடு அத்துமீறி நுழைந்ததற்கும், வீட்டுக்குள் திருடியதற்கும் தலா ஏழாண்டுவரை.

இனி 14 ஆண்டு விஷயம். பகலில் திருடுவதற்காக வீட்டை உடைத்து நுழைந்தால் 331(3) பிரிவின்படி பத்தாண்டுவரை. அதையே சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் செய்தால் 331(4) பிரிவின்படி 14 ஆண்டுவரை. இதோடு வீட்டுக்குள் திருடியதற்கான 305-வது பிரிவும் எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே இருந்தவருக்குக் கொடுங்காயம் ஏற்படுத்தினால் ஆயுள் தண்டனைவரை. திருட்டுக்காக ஏற்கெனவே தண்டனை பெற்றவருக்குக் கூடுதல் தண்டனை தர 13-வது பிரிவு இருக்கிறது.

14 என்ற எண் கேட்பதற்குப் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் இந்தக் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் முதல் வகுப்பு நீதித்துறை நடுவருடையது, அதாவது மேலூர் போன்ற ஊர்களில் இருக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுடையது. அவர் விதிக்கக்கூடிய உச்ச சிறைத் தண்டனை மூன்று ஆண்டு. அது போதாது என்று அவர் நினைத்தால் வழக்கைத் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்பலாம். அவருக்கும் வரம்பு ஏழு ஆண்டு. 14 ஆண்டு என்பது புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் வழக்கமான பாதையில் போகிற வழக்கு அங்கே போய்ச் சேர்வதே இல்லை. சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும் என்று ஒவ்வொரு திருட்டுக்குப் பிறகும் குரல் கொடுப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் பார்ப்பது நல்லது. ஏற்கெனவே இருக்கிற கடுமையே பயன்படாமல் கிடக்கிறது.

பகலா இரவா என்பதும் நினைக்கிற அளவுக்கு எளிதல்ல. மூன்று நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் எந்த நேரத்தில் ஆள் நுழைந்தார் என்று யாருக்குத் தெரியும்? புகாரில் ‘நள்ளிரவில்’ என்று எழுதிவிடுகிறார்கள். நீதிமன்றத்தில் அதை நிரூபிக்க வேண்டியது போலீஸ். கேமரா பதிவோ, நேரில் பார்த்தவரோ இல்லையென்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடிக்கும் முதல் நூல் இதுவாகத்தான் இருக்கும்.

மாநிலம் சேர்த்தது

குற்றவியல் சட்டம் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து கைவைக்கும் பொதுப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாடு 1993-ல் பழைய தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, கோயில் சிலைத் திருட்டுக்குக் குறைந்தபட்ச தண்டனை வைத்தது. பழைய சட்டம் போனபோது அதுவும் போனது. புதிய சட்டம் வழிபாட்டு இடத்துச் சிலையைத் திருடுவதை 305-வது பிரிவிலேயே சேர்த்து ஏழாண்டுவரை என்கிறது. குறைந்தபட்சம் எதுவும் இல்லை.

இதைவிட வீரியமானது 1982-ன் 14-வது சட்டம், எல்லோர் வாயிலும் ‘குண்டாஸ்’. சொத்து தொடர்பான குற்றங்களை வழக்கமாகச் செய்பவர் என்று கருதப்படுபவரை விசாரணை இல்லாமல் 12 மாதம்வரை அடைத்துவைக்கலாம். யோசித்துப் பார்த்தால் விசித்திரம். சாட்சி சொல்லி, குறுக்கு விசாரணை நடத்தி, எல்லாம் நிரூபித்தால் மாஜிஸ்திரேட் தரக்கூடியது அதிகபட்சம் மூன்று ஆண்டு. எதையும் நிரூபிக்காமல் ஓர் உத்தரவு மூலம் ஓர் ஆண்டு உள்ளே வைக்கலாம். இப்படி ஒரு குறுக்கு வழி இருக்கும்போது, கைரேகையை ஒழுங்காக எடுத்து, மகஜரை ஒழுங்காக எழுதி வழக்கை நடத்துவதற்கு யாருக்கு ஆர்வம் வரும்?

பறிகொடுத்தவர் கேட்க வேண்டியது

ஸ்டேஷனுக்குப் போனதும் பெரும்பாலும் கேட்கிற முதல் வாசகம், “எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா, சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றோம்.” சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது. அதை வைத்துக்கொண்டு வழக்கு நடக்காது. எஃப்ஐஆர்தான் வழக்கின் தொடக்கம். கைதுசெய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, முதற்கட்ட விசாரணைக்கென்று 14 நாள் எடுத்துக்கொள்ள அனுமதிப்பது உண்மை. ஆனால் அது மூன்று ஆண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும், அதுவும் டி.எஸ்.பி. அனுமதியோடு. வீடு உடைத்துத் திருடியதற்கு அது பொருந்தாது. எஃப்ஐஆர் நகல் இலவசம். போட மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம். அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

பொருளின் மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லும் பழக்கமும் பல இடங்களில் உண்டு. ஏழு பவுனை மூணு பவுன் என்று எழுதிக் கொடுத்தால், பின்னால் ஏழு பவுன் கிடைத்தாலும் மீதி நாலு தன்னுடையதுதான் என்று நிரூபிப்பது வீட்டுக்காரர் தலையில் விழும். நகைக்கடை ரசீது, அடகுச் சீட்டு, கல்யாண ஆல்பத்தில் கழுத்தில் கிடக்கிற படம் எல்லாம் அன்றைக்குக் கைகொடுக்கும்.

ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்பதால், தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்பது புதிய சட்டத்தின் ஏற்பாடு. மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஐந்தாண்டு அவகாசம் இருக்கிறது. அவர்கள் வருகிறார்களோ இல்லையோ, பதறிப்போய் பீரோவைக் கிளறி, சிதறிக் கிடப்பதை எடுத்து அடுக்கி, வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்துவிட்டால் வந்தும் பலனில்லை. சொந்தக்காரர்கள் இருபது பேர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த வீட்டில் யாருடைய ரேகையை எடுப்பது?

நகை கிடைத்துவிட்டால் வழக்கு முடியும்வரை அது கோர்ட்டில்தான் கிடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அவசியமில்லை. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம், படம் எடுத்து, விவரக் குறிப்பு எழுதி, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிடலாம் என்று வழிகாட்டியது. புதிய நடைமுறைச் சட்டம் இதற்கு நாள் கணக்கே வைத்திருக்கிறது: 14 நாளில் பட்டியலும் படமும், அதிலிருந்து 30 நாளில் ஒப்படைப்பது பற்றிய உத்தரவு. மனுப் போட வேண்டியது வீட்டுக்காரர்.

சந்தேகம் யார்மேல் விழுகிறது?

நகை போன வீட்டில் முதல் சந்தேகம் வேலைக்கார அம்மா மீதோ, பெயின்ட் அடிக்க வந்த பையன் மீதோ, காவலாளி மீதோதான் விழுகிறது. சந்தேகம் விழுவது தவறில்லை. அதை ஸ்டேஷனில் சொல்லும்போது அது என்னவாக மாறுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

மேலூருக்குப் பக்கத்து மாவட்டமான சிவகங்கையில், திருப்புவனத்தை அடுத்த மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயிலில் 2025 ஜூன் இறுதியில் நடந்தது தமிழ்நாடு முழுக்கத் தெரியும். காரில் இருந்த நகையைக் காணவில்லை என்று கோயிலுக்கு வந்த பக்தர் ஒருவர் புகார் சொன்னார். கோயில் காவலாளியான இளைஞரைத் தனிப்படை விசாரணைக்குக் கொண்டுபோனது. ஜூன் 28 அன்று அவர் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் உடம்பில் 44 காயங்கள் இருந்ததாக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பேசப்பட்டது. எஃப்ஐஆர் இல்லாமல் தனிப்படை எப்படி விசாரித்தது என்று நீதிபதிகள் கேட்டார்கள். நீதித்துறை விசாரணைக்கு உத்தரவு வந்தது, போலீஸார் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. காணாமல் போனதாகச் சொல்லப்பட்டது சில பவுன் நகை.

இந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. 1871-ல் வந்து 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த குற்றப்பழங்குடிச் சட்டம், ஒரு சாதியில் பிறந்ததே திருட்டுக்கு ஆதாரம் என்று வைத்தது. மதுரை மாவட்டத்தில் பிறமலைக் கள்ளர்களைக் கைரேகை பதிவு செய்யச் சொன்னது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-ல் அந்தச் சட்டம் போயிற்று. ‘பழைய குற்றவாளி’ பட்டியலும், ஒரு திருட்டு நடந்தால் அந்தப் பட்டியலில் உள்ளவர்களை வரிசையாகத் தூக்கிவந்து உட்கார வைக்கிற வழக்கமும் போகவில்லை. சீர்மரபினரைத் தன்னிச்சையாகக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3-ல் சிறைச் சாதிப் பாகுபாடு பற்றிய தீர்ப்பில் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது.

அடித்து வாங்கும் ஒப்புதலால் பறிகொடுத்தவருக்காவது லாபம் உண்டா என்றால், அதுவும் இல்லை. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது. அவர் சொன்னதன் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த அளவுக்கு மட்டும் செல்லும். புலுக்குரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் போட்ட கோடு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஆகவே வழக்கு முழுவதும் தொங்குவது பறிமுதல் மகஜரில்தான். அதில் கிராம நிர்வாக அலுவலரும் உதவியாளரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். “எங்க சார் எடுத்தாங்க?” என்று குறுக்கு விசாரணையில் கேட்டால், ஸ்டேஷனில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவரால் என்ன பதில் சொல்ல முடியும்? இப்போது சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் முதலில் கேட்க வேண்டியது அந்த வீடியோவை.

இன்னும் சில தற்காப்புகள் இருக்கின்றன. தன்னுடைய பொருள்தான் என்று நல்லெண்ணத்தோடு நம்பி எடுத்தால் அது திருட்டு ஆகாது. பங்காளிச் சண்டையில், பாகம் பிரிக்காத வீட்டில் போடப்படும் பல திருட்டு வழக்குகள் இங்கேதான் உடையும். திருட்டு நடந்து கொஞ்ச நாளுக்குள் ஒருவர் கையில் அந்தப் பொருள் இருந்தால் அவரே திருடினார் அல்லது தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். அனுமானிக்கலாம், அவ்வளவுதான், நம்பத்தக்க விளக்கம் கொடுத்தால் அது விழுந்துவிடும். கேமரா பதிவை நகல் எடுத்துத் தந்தால் அதோடு சட்டப்படியான சான்றிதழும் வேண்டும். அது இல்லாமல் பென் டிரைவை மட்டும் நீட்டினால் செல்லாது.

ஜாமீன் கணக்கு

60 நாளில் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். கடுமையான குற்றங்களுக்கு 90 நாள். 14 ஆண்டு என்பதால் வீடு உடைப்புக்கு 90 என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். ராகேஷ் குமார் பால் வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம், பழைய சட்டத்தின் கீழ், குறைந்தபட்சமே பத்தாண்டாக இருந்தால்தான் 90 என்று பெரும்பான்மையாகச் சொன்னது. வீடு உடைப்புக்குக் குறைந்தபட்ச தண்டனையே கிடையாது. 61-வது நாள் காலையில் மனுப் போடும் வழக்கறிஞர் கையில் இருக்க வேண்டிய தீர்ப்பு இது.

முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் விடுவிக்கலாம் என்று புதிய சட்டம் பெருமையாகச் சொல்கிறது. 14-ல் மூன்றில் ஒன்று நாலு வருஷம் எட்டு மாதம். மாஜிஸ்திரேட் தரக்கூடிய தண்டனையே மூன்று வருஷம்! அதோடு, ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்கள் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது என்று அதே பிரிவின் அடுத்த வரி சொல்கிறது. வீடு உடைப்பு வழக்கில் 331-ம் 305-ம் ஜோடியாகவே வருவதால், ஒரே ஒரு திருட்டில் மாட்டியவருக்கும் இது எட்டாமல் போகும் ஆபத்து இருக்கிறது. ஏழைகளுக்கென்று எழுதிய பிரிவை ஏழைகளுக்கு உதவாதபடி எழுதியிருக்கிறார்கள்.

உண்மையில் உதவுவது 1958-ன் நன்னடத்தைச் சட்டம். 21 வயதுக்குக் கீழே உள்ளவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாத பட்சத்தில், சிறைக்கு அனுப்புவதற்கு முன் நீதிமன்றம் காரணத்தை எழுத வேண்டும். இதைக் கேட்காமலே விடுகிற வழக்குகள் நிறைய. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால், காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார், 15100-க்கு அழைக்கலாம்.

கையும் களவுமாகப் பிடித்தால்

“வீட்டுக்குள்ள வந்தவன வெட்டுனாக்கூட கேஸ் இல்லயாம்ல?” என்ற பேச்சு டீக்கடையில் அடிக்கடி கேட்கும். பாதிதான் உண்மை. இரவில் வீட்டை உடைத்து நுழைபவரிடமிருந்து காத்துக்கொள்ள, வேறு வழியில்லாத நிலையில், உயிர் போகும் அளவுக்குக்கூட எதிர்க்கலாம் என்று 41-வது பிரிவு சொல்கிறது. பகலில் அந்த அளவு உரிமை, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான பயம் இருந்தால் மட்டும். இரவிலும், ஆள் வீட்டுக்குள் இருக்கும்வரைதான் அந்த உரிமை நீடிக்கும். சுவரேறிக் குதித்து ஓடுபவரைத் துரத்திப்போய்க் கண்மாய்க் கரையில் வைத்து வெட்டினால் அது கொலை வழக்கு.

பிடித்து மரத்தில் கட்டிவைத்து ஊரே கூடி அடிப்பதற்கும், அதை வீடியோ எடுத்துப் பரப்புவதற்கும் எந்தப் பிரிவும் இடம் தரவில்லை. கண்ணெதிரே இப்படிப்பட்ட குற்றம் செய்பவரைப் பொதுமக்கள் பிடித்துவைக்கலாம். அதற்குச் சட்டம் உண்டு. பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்குப் பிடித்தால் காலை எட்டு மணிக்குள். விடிந்து ஊர்ப் பெரியவர்கள் வரட்டும், பஞ்சாயத்துப் பேசி நகையை வாங்கிவிட்டு அனுப்பலாம் என்று உட்கார்ந்தால், அப்போதிலிருந்து சட்டத்தின் கண்ணில் சிறைவைத்த குற்றம் ஊர்க்காரர்கள் மேல். வீடு உடைத்துத் திருடுவது சமரசம் பேசி முடிக்கக்கூடிய குற்றங்களின் பட்டியலிலும் இல்லை.